வாசகர் கேள்வி – பதில்: திராவிடர் படையில் குதிரை ஏன் குறைவு?

கேள்வி: ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ கணினி விளையாட்டின் ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ விரிவாக்கத்தில் நான் திராவிடர் பக்கம் நின்று ஆடுகிறேன். ஐரோப்பியருக்குக் கிடைக்கும் ‘நைட்’ என்னும் கவசக் குதிரைவீரர் எங்களுக்கு இல்லை. ராஜேந்திர சோழனை நாயகனாக வைத்துவிட்டு, அவன் படையை இப்படி வலுவிழக்கச் செய்தது நியாயமா?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: நியாயம்தான். 1999இல் வெளிவந்த விளையாட்டுக்கு 2022 ஏப்ரலில் சேர்க்கப்பட்ட இவ்விரிவாக்கத்தில், வரலாற்றுக்கு மிக நெருக்கமான முடிவுகளுள் ஒன்றாகவே இந்தக் குறையை நான் கருதுகிறேன்.

தமிழகத்தில் நல்ல போர்க்குதிரை எக்காலத்திலும் இறக்குமதிச் சரக்காகவே இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்துக் கடைத்தெருவை வருணிக்கும் பட்டினப்பாலை ‘நீரின் வந்த நிமிர்பரிப் புரவி’ என்று தொடங்கித்தான் அங்கே குவிந்த பொருள்களை அடுக்குகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அந்நாட்டு மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை விலைக்கு வாங்கியும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமையால் அவற்றுள் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் மடிந்ததாக எழுதுகிறார். சோழரிடம் குதிரைப்படை உண்டு. கல்வெட்டுகள் குதிரைச்சேவகரைக் குறிப்பிடுகின்றன. ஆயினும் கடல்கடந்து வாங்கிய விலங்கை நம்பி ஒரு பேரரசு தன் முழு வலிமையையும் அமைத்துக்கொள்ள முடியாது.

அந்த வலிமை எங்கிருந்தது என்பதையும் விளையாட்டு காட்டுகிறது. விளையாட்டின் அடுத்த கட்டமான ஒவ்வொரு யுகத்தை எட்டும்போதும், கப்பல் கட்டத் தேவைப்படும் மரம் திராவிடருக்கு 200 அலகு கிடைக்கிறது. திரிசடை என்னும் போர்க்கப்பல் அவர்களுக்கே உரியது. ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ என்று கடாரப் படையெடுப்பைப் பாடும் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியைப் படித்தவர்களுக்கு இந்தத் தெரிவு மனநிறைவு தரும். எனவே நிலப்போரில் யானைமேல் வில்லாளிகளையும், பகைவரின் கவசத்தைப் பொருட்படுத்தாமல் தாக்க உதவும் ‘வூட்ஸ்’ உருக்கையும் நம்புங்கள். நீர் சூழ்ந்த களமானால் மரத்தையெல்லாம் துறைமுகத்தில் செலவிடுங்கள்.

கேள்வி: ‘திராவிடர்’ என்ற பெயர் சரியானதா?
– ஆசிரியை, ஈரோடு

பதில்: எனக்கு உடன்பாடில்லை. அது இன்று பெரிதும் ஒரு மொழிக்குடும்பத்தைக் குறிக்கும் சொல். அப்பெயரில் பேரரசு எதுவும் ஆண்டதில்லை. சோழரோடு கடும்பகை கொண்டிருந்த மேலைச் சாளுக்கியரையும் அதே குடைக்கீழ் நிறுத்த வேண்டிய நிலை இதனால் நேர்கிறது. தென்னகத்துக்கு ஒரே இடம்தான் உண்டு என்று முடிவாகியிருந்தால் இப்பெயரைப் புரிந்துகொள்ளலாம். கதைத்தொடர் ராஜேந்திரனுடையது என்னும்போது, ‘சோழர்’ என்றே அழைத்திருக்கலாம்.