ஓர் எஃகு நிறுவனம் தன் தொழிலாளர்களையே பாடவைத்து வானொலி நிகழ்ச்சி நடத்தியது ஏன்?

நீங்கள் கேட்பது, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்து வீலிங் நகரிலிருந்து 1936 முதல் 1944 வரை ஒலிபரப்பான ‘இட்ஸ் வீலிங் ஸ்டீல்’ நிகழ்ச்சியைப் பற்றியது. அதன் முதன்மை நோக்கம் விளம்பரமே. ஆணி, கூரைத் தகடு, வாளி போன்ற வீட்டுக்கும் பண்ணைக்கும் உரிய பொருள்களையும் வீலிங் ஸ்டீல் நிறுவனம் தயாரித்ததால், பொதுமக்களிடையே அதற்குப் பெயர் தேவைப்பட்டது. விளம்பரப் பொறுப்பாளர் ஜான் கிரைம்ஸ், புகழ்பெற்ற பாடகர்களுக்குப் பெருந்தொகை கொடுப்பதைவிட, ஊழியர்களையும் அவர்களுடைய குடும்பத்தாரையும் மேடையேற்றுவது மேல் என்று கருதினார்.

செலவு குறைந்தது ஒருபுறமிருக்க, பாடுபவர் ஆலையில் உழைப்பவர் என்பதே கேட்போரை ஈர்த்தது. உள்ளூர் நிலையமான டபிள்யூ.டபிள்யூ.வி.ஏ.வில் தொடங்கிய அந்த அரைமணி நேர நிகழ்ச்சி, 1938இல் மியூச்சுவல் என்ற வானொலி வலையமைப்புக்கும், 1941இல் என்.பி.சி. என்ற ஒலிபரப்பு நிறுவனத்தின் ‘புளூ’ வலையமைப்புக்கும் சென்று நாடெங்கும் பரவியது.

இன்னொரு பின்னணியையும் கவனிக்க வேண்டும். எஃகுத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டும் குழு அமைக்கப்பட்டதும் அதே 1936இல்தான். 1937இல் பல எஃகு நிறுவனங்களில் கடும் வேலைநிறுத்தம் நடந்தது. அத்தகைய காலத்தில் முதலாளியும் தொழிலாளியும் ஒரே குடும்பம் என்ற தோற்றத்தை ஞாயிறுதோறும் இசையின் வழியே கேட்போர் மனத்தில் பதியவைப்பது நிர்வாகத்துக்கு நிச்சயம் உவப்பாக இருந்திருக்கும். எனினும், பாடியவர்களின் ஆர்வத்தை வெறும் நிர்வாகத் தந்திரமாகச் சுருக்கிவிடுவது நியாயமன்று என்பதே என் கருத்து.