ஆகஸ்டில் காய்ந்த அத்திக் கன்றுகள்

போர்ச்சுகலின் அலென்தேஜுவில் ஏப்ரலில் நட்ட அத்தி, மாதுளைக் கன்றுகளில் பாதி ஆகஸ்டுக்குள் காய்ந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. நட்ட மாதம்தான் காரணம் என்று நினைக்கிறேன். அங்கே மழை குளிர்காலத்தில் பெய்யும். கோடையில் அநேகமாக ஒன்றும் கிடையாது. நவம்பரில், மழை மண்ணை நன்றாக நனைத்ததும் நடுங்கள். மேலே இலை இல்லாவிட்டாலும் கீழே வேர் பிடித்துக்கொண்டிருக்கும்.

முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் கட்டாயம். தினமும் ஒரு குவளை ஊற்றினால் வேர் மேலேயே சுற்றும். வாரம் ஒருமுறை 20 லிட்டர், மெதுவாக இறங்கட்டும். வைக்கோல் மூடாக்கு நாலு விரல் கனம், தண்டில் ஒட்டாமல் போடுங்கள். அதை விலக்கி மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள்; ஈரம் தட்டுப்பட்டால் தண்ணீர் ஊற்றாமல் பொறுத்திருக்கலாம். அப்புறம், நிலம் சரிவாக இருந்தால், மழைநீர் ஓடிவிடாமல் இருக்கச் சரிவுக்குக் குறுக்கே வரப்பு போடுவதை மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.