“தாத்தா துப்பாக்கி எங்கேடா?”

கேள்வி: என் மாமனார் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். லைசென்ஸோடு .32 ரிவால்வர் வைத்திருக்கிறார். ஊரில் தோப்புக் காவலுக்காக வாங்கியது. மாமியார் தவறிய பிறகு தோப்பை விற்றுவிட்டு, முகப்பேரில் எங்கள் மூன்றாவது மாடி ஃபிளாட்டுக்கே வந்துவிட்டார். ரிவால்வரைப் பழைய வேட்டியில் சுற்றி பீரோ மேல்தட்டில் வைத்திருக்கிறார். ரவை போட்டேதான் இருக்கும். “திருடன் வந்தா தேடிட்டா இருக்க முடியும்?” என்பார். 2024 தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் திரும்ப வாங்கி வந்தார். என் மகனுக்கு நாலு வயது, எல்.கே.ஜி., படு சுட்டி. விருந்தாளிகள் “தாத்தா துப்பாக்கி எங்கேடா?” என்று கேட்டால் விரலை நீட்டி பீரோவைக் காட்டுவான், எல்லோரும் சிரிப்போம். ஆனாலும் எனக்கு உள்ளூர பயம். என் கணவரோ, “அப்பாவுக்குத் தெரியாததா? நீ எதுவும் சொல்லி அவர் மனசை நோகடிக்காதே” என்கிறார். மாமா மனம் கோணாமல் எப்படிச் சொல்வது?
– வாசகி, முகப்பேர்

பதில்: மாமா மனம் கோணுவதைப் பிறகு பார்க்கலாம். “விரலை நீட்டி பீரோவைக் காட்டுவான், எல்லோரும் சிரிப்போம்” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை நீங்களே இன்னொரு தடவை படியுங்கள். அந்த ‘எல்லோரும்’ என்பதில் நீங்களும் உண்டு. மாமாவையும் கணவரையும் பற்றி ஒரு பக்கம் எழுதியவர், உங்களைப் பற்றி எழுதியது அந்த ஒரு சொல்தான்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் துப்பாக்கி இருக்கும் வீடுகளில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியாக விசாரித்தார்கள். 2006-ல் வெளியான ஆய்வு அது. “எங்கே வைத்திருக்கிறோம் என்று பிள்ளைக்குத் தெரியாது” என்று சொன்ன பெற்றோரில் 39 சதவீதம் பேரின் பிள்ளைகள் இடத்தைச் சரியாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். உங்கள் வீட்டில் அந்த ஆய்வுக்கெல்லாம் வேலையே இல்லை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அவனே அறிவிக்கிறான், நீங்கள் கைதட்டுகிறீர்கள். சபையில் பாராட்டு வாங்கித் தருகிற பொருளைத் தொட்டுப் பார்க்க எந்தக் குழந்தைக்குத்தான் கை துறுதுறுக்காது? அது போக, வந்து போன விருந்தாளிகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் இடம் தெரிந்துவிட்டது. திருடனுக்குப் பயந்து வைத்த பொருளுக்கு நல்ல விளம்பரம்!

மேல்தட்டு எட்டாது என்று நினைக்காதீர்கள். நம் வீடுகளில் பீரோ சாவி பாதி நாள் கதவிலேயே தொங்கும். கதவைத் திறந்துவிட்டால் உள்ளே இருக்கும் தட்டுகளே ஏணி.

சின்ன விரலால் விசையை அழுத்த முடியாது என்பதும் தப்பு. ரிவால்வரின் விசைக்குச் சுமார் நாலரை கிலோ அழுத்தம் தேவை என்று வையுங்கள். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளில் நாலில் ஒருவருக்கு அந்த விரல் பலம் இருப்பதை அளந்தே சொல்லியிருக்கிறார்கள். ஐந்து, ஆறு வயதில் அது பத்தில் ஏழு பேர். ஒரு விரல் போதாவிட்டால் அந்த வயதுக் குழந்தை என்ன செய்யும்? பிடியை முன்பக்கம் திருப்பி, இரண்டு கட்டைவிரலையும் விசையில் கொடுத்து அழுத்தும். அப்போது குழாயின் வாய் அதன் முகத்தைப் பார்த்து இருக்கும். இதற்கு ஒத்திகை வேறு நாமே பார்த்து வைத்திருக்கிறோம். தீபாவளிக்குத் தீபாவளி ரோல் கேப் துப்பாக்கி வாங்கிக் கொடுத்து, “தாத்தாவைச் சுடு பாப்போம்” என்று சொல்லிக் கொடுப்பது யார்?

“தொடக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கோம்” என்பீர்கள். அட்லாண்டாவில் 8 முதல் 12 வயதுச் சிறுவர்களை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விட்டுப் பார்த்தார்கள். இழுப்பறையில் ரவை இல்லாத நிஜத் துப்பாக்கி. அதைக் கண்டெடுத்த 21 குழுக்களில் 16 குழுக்கள் கையில் எடுத்தன, 10 குழுக்களில் விசையையே அழுத்தினார்கள். எடுத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஏற்கெனவே பாதுகாப்பு பற்றிச் சொல்லிக் கொடுக்கப்பட்டவர்கள். உங்கள் மகனுக்கு அதில் பாதி வயதுதான். “பார்த்தா தொடாதே, ஓடி வந்து சொல்லு” என்று அவனுக்குச் சொல்லுங்கள், நல்லதுதான். அதை நம்பிப் பூட்டாமல் விடாதீர்கள்.

இனி உங்கள் வீட்டுக்காரர். மாமாவிடம் பேச வேண்டியவர் அவர்தான், நீங்கள் இல்லை. மருமகள் சொன்னால் அது வீட்டுச் சண்டையாகும், மகன் சொன்னால்தான் பேச்சாக நிற்கும். அப்பா மனசு நோகக் கூடாது என்று மனைவியின் வாயை அடைப்பதற்குப் பெயர் பெரியவர் மரியாதை அல்ல, சோம்பல். பெற்ற பிள்ளையின் உயிருக்குப் பிறகுதான் அப்பாவின் கோபதாபம். அவருக்கு வார்த்தை வராவிட்டால் இப்படி ஆரம்பிக்கட்டும்: “அப்பா, பட்டாளத்துல துப்பாக்கியை வேட்டியில சுத்தியா வெச்சிருந்தீங்க? கோத்துல பூட்டி, கையெழுத்துப் போட்டுத்தானே வாங்கினீங்க?” கோத் என்றால் ஆயுத அறை என்று உங்கள் மாமாவுக்கு விளக்கவே வேண்டாம். வீட்டிலும் ஒரு கோத் வேண்டும் என்று கேட்டால் ராணுவக்காரர் அதை அவமானமாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இன்று இரவே ரவையை இறக்க வேண்டும். இறக்குவது மாமா மட்டும். நீங்களோ உங்கள் கணவரோ அந்த ரிவால்வரைத் தொடவே வேண்டாம். பிள்ளை வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். ஒரு வாளி நிறைய மணல் வைத்து, குழாயை அதன் பக்கம் நீட்டிக்கொண்டு திறக்கச் சொல்லுங்கள். பக்கத்து ஃபிளாட் சுவர் பக்கம் கூடாது. நம் அரசு ஆர்டினன்ஸ் தொழிற்சாலையின் மடக்கித் திறக்கும் வகை .32 ரிவால்வர் என்றால் தாழைத் தள்ளி மடக்கியதும் ரவைகள் தானே வெளியே வரும். சில சமயம் ஒன்று மட்டும் விளிம்பு சிக்கி உள்ளேயே நின்றுவிடும். அதனால் ஆறு துளையையும் வெளிச்சத்தில் பார்த்து, விரல் நுனியால் தடவியும் பார்க்க வேண்டும். மடக்கிய நிலையிலேயே, பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய கேபிள் பூட்டைக் குழாய்க்குள் விட்டுப் பூட்டினால் ரிவால்வரை மூடவே முடியாது. .32 குழாயின் துளை சுமார் 8 மி.மீ.; கேபிள் 6 மி.மீ.க்கு மேல் போனால் நுழையச் சிரமம். விசைமேல் மாட்டும் பூட்டு வேண்டாம். ரவை உள்ளே இருக்கும்போது அதை மாட்டினால் அதுவே விசையை அழுத்திவிடக்கூடும்.

பிறகு ஒரு சின்ன டிஜிட்டல் லாக்கர். கான்கிரீட் சுவரில் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். சும்மா அலமாரியில் வைத்தால் அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கடையில் இருந்து வரும் எண்ணை அன்றே மாற்றுங்கள்; பேரன் பிறந்த நாளை வைக்காதீர்கள். இந்த லாக்கர்களோடு அவசரச் சாவி ஒன்று வரும். அதை எல்லோரும் டிவி ஸ்டாண்ட் இழுப்பறையில் போட்டு வைக்கிறார்கள், லாக்கர் வாங்கியதே வீணாகிறது. அது மாமாவின் பேங்க் லாக்கருக்குப் போகட்டும். ரவைகள் வேறு இரும்புப் பெட்டியில், வேறு பூட்டில், வேறு அறையில் இருக்க வேண்டும். தோல் உறையில் போட்டு வைக்க வேண்டாம். சென்னை உப்புக் காற்றில் தோல் ஈரம் இழுத்துத் துருப்பிடிக்கும். புது இடம் பேரனுக்குத் தெரிய வேண்டியதில்லை. விருந்தாளி கேட்டால் பேச்சை மாற்றுங்கள்.

என்னைக் கேட்டால் இந்த லாக்கர் செலவே தண்டம். தோப்பு போனதோடு துப்பாக்கியின் வேலையும் போய்விட்டது. 2024 தேர்தல் முடியும்வரை அது வீட்டில் இல்லையே, அத்தனை நாளும் நன்றாகத்தானே தூங்கினீர்கள்? லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையில் ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படைக்கலாம், விற்றுவிடவும் செய்யலாம். ஊரில் எடுத்த லைசென்ஸ் என்றால், முகவரி மாறியதை வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் தெரிவித்தாரா என்றும் கேளுங்கள். சென்னை நகரத்துக்கு லைசென்ஸ் அதிகாரி கமிஷனர்தான்.

எதைச் செய்தாலும் முதலில் ரவைகளை எண்ணுங்கள். வாங்கியது எத்தனை என்பது லைசென்ஸ் புத்தகத்தில் இருக்கும், சுட்டது எத்தனை என்று மாமாவுக்குத் தெரியும். கணக்கில் ஒன்று குறைந்தாலும் பீரோ தட்டுகளையும், மாமாவின் பழைய பேன்ட் பைகளையும், அந்த வேட்டி மடிப்பையும் தேடுங்கள். .32 ரவை உங்கள் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. பையனின் விளையாட்டுச் சாமான் கூடையையும் தரையில் கொட்டிப் பாருங்கள்.