கிராபிக்ஸ் கார்டு கொதிக்கிறதா? கேள்வி பதில்

கேம் ஆடும்போது கார்டு சூடாகிறது என்று கேட்டவர்களுக்கான பதில்கள் இவை. எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் எண்களைப் பாருங்கள். கம்ப்யூட்டர் பாகங்களின் வெப்பநிலையைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) இலவச மென்பொருள்தான். அதை ஓடவிட்டு அரை மணி நேரம் கேம் ஆடுங்கள். ஜிபியூ (கார்டின் முக்கிய சிப்) வெப்பநிலை, ஹாட்ஸ்பாட் (அந்தச் சிப்பில் மிகச் சூடான இடம்), ஃபேன் வேகம், எத்தனை வாட் இழுக்கிறது, இந்த நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். பிரச்சினை எங்கே என்று பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

அண்ணா, என் ஆர்டிஎக்ஸ் 3060 கேமில் 78 டிகிரி போகிறது. கார்டு போய்விடுமா?

போகாது. அந்தக் கார்டுக்கு என்விடியா சொல்லும் உச்சவரம்பு 93 டிகிரி. அதற்கு வெகு முன்பே கார்டு தன் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். உங்கள் அறையின் வெப்பத்தையும் சேர்த்துப் பாருங்கள். டிசம்பரில் 28 டிகிரியாக இருந்த அறை மே மாதம் 38 ஆனால், கார்டும் ஏறக்குறைய அதே 10 டிகிரி கூட்டித்தான் காட்டும். அது கோளாறு இல்லை. போன கோடையில் இருந்ததைவிட இந்தக் கோடையில் அதிகம் என்றால் அப்போது பேசுவோம்.

ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி வைத்திருக்கிறேன். ஜிபியூ 76 டிகிரிதான், ஆனால் ஹாட்ஸ்பாட் 108. எதை நம்புவது?

இரண்டையும் நம்புங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை அதைவிட அதிகமாக நம்புங்கள். ஹாட்ஸ்பாட் என்பது சிப்பில் பல இடங்களில் உள்ள சென்சார்களில் எது அதிகம் காட்டுகிறதோ அது. ஏஎம்டி அதற்கு வைத்திருக்கும் எல்லை 110. வித்தியாசம் 10 முதல் 20 டிகிரி வரை இருப்பது சகஜம். உங்களுக்கு 32 இருக்கிறது. சிப்பின் ஒரு பகுதியிலிருந்து ஹீட்சிங்க் என்ற உலோகத் தகட்டு அடுக்குக்குச் சூடு சரியாகப் போகவில்லை என்று பொருள்.

வழக்கமான காரணம் தெர்மல் பேஸ்ட், அதாவது சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் பசை. சிப் சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கும்போது பேஸ்ட் மெல்ல ஓரத்துக்குத் தள்ளப்பட்டு நடுவில் வறண்டுவிடும். ஃபேனை 100 சதவீதத்தில் ஓட்டினாலும் இது சரியாகாது, சத்தம்தான் மிஞ்சும். புதுக் கார்டிலேயே இப்படி இருந்தால் கையே வைக்காதீர்கள், வாரண்டிக்கு அனுப்புங்கள். ஏஎம்டியின் சொந்த வடிவமைப்பில் வந்த ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டுகள் சிலவற்றில் ஹாட்ஸ்பாட் 110-ஐத் தொட்டது. கூலருக்குள் நீராவியால் சூட்டைக் கடத்தும் வேப்பர் சேம்பரில் போதுமான நீர் இல்லாததுதான் காரணம் என்று 2023 ஜனவரியில் ஏஎம்டியே ஒப்புக்கொண்டது. அதை எந்தப் பேஸ்ட்டாலும் தீர்த்திருக்க முடியாது.

வாரண்டி முடிந்துவிட்டது. பேஸ்ட் நானே மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் அவசரப்படாதீர்கள். கவனம் வேண்டியது பேஸ்ட்டைவிட தெர்மல் பேடில்தான். மெமரி சிப்புகளின் மேலும் மின்சாரம் சீராக்கும் பாகங்களின் மேலும் மெத்தென்று ஒட்டியிருப்பவை அவை. ஒரே கார்டிலேயே இடத்துக்கு இடம் தடிமன் மாறும். ஒன்றரை மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வைத்தால் ஹீட்சிங்க் தூக்கிக்கொள்ளும், சிப்பில் சரியாக உட்காராது. முன்பைவிட மோசமாகிவிடும். பேட் கிழியாமல் வந்தால் அதையே திரும்ப வையுங்கள். கிழிந்தால் உங்கள் மாடலுக்கான அளவைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். சிப்பின் பரப்பு முழுக்க மூடும்படி புதியதைத் தடவுங்கள். நான்கு ஸ்க்ரூவையும் குறுக்குவாட்டில் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஃபேன் வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், அதன் கனெக்டர் மிகச் சிறியது. ஓரத்துக்குத் தள்ளப்படும் தொல்லை திரும்ப வேண்டாம் என்றால், சூட்டில் இளகிப் பரவும் பிடிஎம்7950 ஷீட் நல்ல தேர்வு. நான் இப்போது பேஸ்ட்டைவிட அதையே பரிந்துரைக்கிறேன்.

விண்டோஸ் திறந்ததும் கார்டு ஃபேன் சுற்றவே இல்லை. பழுதா?

இல்லை. பல கார்டுகளில் 50, 60 டிகிரி வரும்வரை ஃபேன் நின்றுதான் இருக்கும். கேம் தொடங்கியும் சுற்றவில்லை என்றால்தான் கவலை.

கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றி டேபிள் ஃபேன் வைத்திருக்கிறேன். 9 டிகிரி குறைந்தது. இப்படியே விடலாமா சார்?

நல்ல பரிசோதனை செய்திருக்கிறீர்கள், அதோடு நிறுத்துங்கள். கதவைத் திறந்ததும் இவ்வளவு குறைந்தால் குற்றவாளி கார்டு இல்லை, கேபினட். முன்பக்கம் முழுக் கண்ணாடியாக இருக்கிறதா? அப்படியானால் காற்று நுழைய வழியில்லை, கார்டு தான் கக்கிய சூட்டையே திரும்ப இழுக்கிறது. முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, இது போதும். வலைமுகப்பு உள்ள கேபினட் கிடைத்தால் இன்னும் நல்லது. திறந்தே வைத்தால் நம் ஊர்த் தூசி சீக்கிரமே ஹீட்சிங்க் இடுக்குகளை அடைத்துவிடும்.

தூசி தட்டும்போது மெயின் வயரைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் அடியுங்கள். காற்றில் தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும்.

ஒரு ரூபாய் செலவில்லாமல் சூட்டைக் குறைக்க வழி உண்டா?

உண்டு, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். முதலில் எஃப்பிஎஸ்ஸுக்கு (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) வரம்பு வையுங்கள். உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் கார்டு 170 ஃபிரேம் வரைந்து என்ன பயன்? அத்தனையும் சூடாகத்தான் அறைக்குள் வரும். மெனு திரையில்கூடக் கார்டு முழு மூச்சில் ஓடும். 2021 ஜூலையில் 'நியூ வேர்ல்டு' கேமின் பீட்டாவில் (சோதனை வெளியீட்டில்) சில ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் செத்தபோது, மெனுவில் ஃபிரேமுக்கு வரம்பு வைத்து அப்டேட் விட்டார்கள்.

அடுத்தது பவர் லிமிட், அதாவது கார்டு இழுக்கும் வாட்டுக்கான வரம்பு. கார்டைக் கட்டுப்படுத்தும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் 100 சதவீதத்தை 80 ஆக்குங்கள். 320 வாட் ஆர்டிஎக்ஸ் 3080 அப்போது 256 வாட்டில் நிற்கும். கார்டு கடைசிச் சொட்டு வேகத்துக்காகத்தான் அளவுக்கு மீறி மின்சாரம் குடிக்கிறது, அதனால் நீங்கள் இழப்பது சில சதவீத ஃபிரேம்தான்.

இன்னும் நன்றாகச் செய்ய வேண்டுமா, அண்டர்வோல்ட், அதாவது அதே வேகத்தைக் குறைந்த வோல்டேஜில் ஓட்டுவது. அதே ஆஃப்டர்பர்னரில் கண்ட்ரோல் எஃப் அழுத்தினால் வோல்டேஜ் வளைகோடு வரும். கார்டு வழக்கமாக ஓடும் வேகத்தை 900 மில்லிவோல்ட் புள்ளியில் வைத்து, அதற்கு வலப்பக்கம் உள்ளதைத் தட்டையாக்கி அப்ளை செய்யுங்கள். கேம் தானாக மூடினால் வேகத்தை 15 மெகாஹெர்ட்ஸ் இறக்கி மறுபடி பாருங்கள். ஒவ்வொரு சிப்பும் வேறு, அடுத்தவர் எண்ணை அப்படியே போடாதீர்கள். ஒரு மாலை செலவாகும். ஆனால் ஃபேன் சத்தம், அறைச் சூடு, கரண்ட் பில் மூன்றும் சேர்ந்து குறையும். ஏஎம்டியின் ரேடியான் கார்டுக்கு இதே வசதி அதன் சொந்த மென்பொருளான அட்ரினலினுக்குள்ளேயே இருக்கிறது.

பழைய 3080 வாங்கினேன், கிரிப்டோ மைனிங்கில் ஓடியதாம். ஜிபியூ 70, மெமரி ஜங்ஷன் 108.

உங்கள் கார்டில் உள்ள ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி, ஜங்ஷன் எனப்படும் அதன் உள்வெப்பநிலை 110 டிகிரி ஆனதும் வேகத்தைக் குறைக்கும், நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள். பேடுகள் காய்ந்திருக்கும். மேலே சொன்னபடி தடிமனைக் கவனித்து மாற்றுங்கள். அதுவரை மெமரி வேகத்தைச் சற்று இறக்கி ஓட்டுங்கள்.

எனக்கு 68 டிகிரிதான். ஆனால் பெரிய கேம் திறந்தால் கம்ப்யூட்டரே ரீஸ்டார்ட் ஆகிறது. கார்டும் 3080தான்.

இது சூடு இல்லை. கார்டு சூடேறினால் முதலில் வேகம் குறையும், ஃபிரேம் விழும். எச்சரிக்கையே இல்லாமல் மொத்தமும் அணைந்து எழுந்தால் எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியை, சந்தேகப்படுங்கள். அந்தக் கார்டு கண நேரத்துக்குத் தன் வாட் கணக்கைத் தாண்டி இழுக்கும். என்விடியா அதற்குக் கேட்பது 750 வாட் எஸ்எம்பிஎஸ். ஒரே கேபிளின் இரண்டு தலைகளைச் செருகியிருந்தால் தனித்தனிக் கேபிள் போடுங்கள். பவர் லிமிட்டை 80 ஆக்கி ரீஸ்டார்ட் நின்றால், அடுத்து மாற்ற வேண்டியது எஸ்எம்பிஎஸ்தான்.