விசைமூடி கழல்கிறது, சுவிட்ச் கழலவில்லை: வாங்கலாமா?

கிளிநொச்சிக் கடையில் நீங்கள் பார்த்த, விசைமூடி மட்டும் கழன்று அதன் கீழுள்ள சுவிட்ச் அசையாத அந்த மலிவு வயர்லெஸ் விசைப்பலகையை (கீபோர்டை) வாங்க வேண்டாம்; சுவிட்சுகளை மாற்றிப் பார்க்க விரும்பும் உங்களுக்கு ‘ஹொட்-ஸ்வாப்’ பலகையே (பற்றவைப்பின்றிச் சுவிட்சைக் கழற்றி மாற்றக்கூடியது) ஏற்றது.

கடையில் பார்த்த அந்தப் பலகையில் சுவிட்சுகள் பெரும்பாலும் பற்றவைக்கப்பட்டிருக்கும். உறுதிசெய்ய, கடைக்காரரின் அனுமதியுடன், சுவிட்ச் இடுக்கியால் மேலும் கீழும் உள்ள கொக்கிகளை ஒருசேர அழுத்தி நேராக மேலே இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் பலகையின் துளைகளையும் பாருங்கள்: 3 கால் சுவிட்சுக்கான துளைகள் மட்டும் இருந்தால், 5 கால் சுவிட்சின் இரு பிளாஸ்டிக் கால்களை வெட்டித்தான் பொருத்த முடியும்.

விசைகளின் பணியை மாற்ற ‘வியா’ மென்பொருளை ஏற்கும் பலகை மிகவும் நல்லது, ஆயினும் அம்மாற்றத்தைப் பெரும்பாலும் கேபிளில் இணைத்தே செய்ய வேண்டும். பலகையில் பதிந்தபின் புளூடூத்திலும் அது வேலைசெய்யும். பாமினித் தட்டச்சு கணினியில் அமைவதால், அதற்கு எந்தப் பலகையும் போதும்.