அரை மணி நேரம் வெந்நீர்க் குளியல்

கேள்வி: நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் குடும்பத்தைப் பற்றிக் கல்லூரியில் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கூட இருந்தவர்களையும் சேர்த்து எட்டுப் பேர் இரண்டு வருடம் வெளியே தலைகாட்டாமல் ஒளிந்திருந்தார்களாம். ஊரடங்கில் சில வாரம் வீட்டில் அடைந்து கிடந்ததற்கே எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. இவர்கள் எப்படி நம்பிக்கை இழக்காமல் இருந்தார்கள்?
(கல்லூரி மாணவி, திண்டுக்கல்)

பதில்: நம்பிக்கை இழக்காமல் இருந்தார்கள் என்பதில் பாதிதான் உண்மை. பயமும் சோர்வும் தாங்காமல் ஆன் தினமும் மனதை அமைதிப்படுத்தும் வலேரியன் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒளிய வராமல் இந்நேரம் செத்தே போயிருந்தால் தேவலையோ என்றுகூட 1944 மே 26 அன்று டைரியில் எழுதிவிட்டாள். சரியாகப் பதினோரு நாள் கழித்து, ஜூன் 6 அன்று, பிரான்ஸின் நார்மண்டியில், ஜெர்மனியை எதிர்த்த நேச நாட்டுப் படை இறங்கிய செய்தி பி.பி.சி.யில் வருகிறது. செப்டம்பர், அக்டோபரில் நீ பள்ளிக்கூடமே போகலாம் என்று அக்கா மார்கோ சொன்னதை அன்றைக்குக் குறித்துவைக்கிறாள். ஏற்றமும் இறக்கமும் இப்படித்தான் இருந்தன. கட்டுரையில் இதை மறைக்காமல் எழுதுங்கள்.

ஆம்ஸ்டர்டாமில் என் மகள் வேலையில் இருந்தபோது அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். பிரின்சன்கிராக்ட் 263. கால்வாயைப் பார்த்த கட்டடம். ஆனின் அப்பா ஓட்டோவின் தொழில் அங்கேதான் நடந்தது. ஜாம் இறுகுவதற்குப் போடும் பெக்டினும் மசாலாச் சரக்கும் விற்றார்கள். அதன் பின்கட்டில்தான், கீல் வைத்த ஒரு புத்தக அலமாரிக்குப் பின்னால், இவர்கள் வாழ்ந்தார்கள். மாடிப்படி ஏணி போலச் செங்குத்து; என் முழங்கால் இன்றும் அதை மறக்கவில்லை. அறைகள் காலி. அப்படியே விடவேண்டும் என்பது ஓட்டோவின் விருப்பம். ஆனால் சுவரில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, படைகள் முன்னேற முன்னேற அவர் குண்டூசி குத்திவந்த நார்மண்டி வரைபடம். இன்னொன்று, பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள். ஒளிந்திருந்த காலத்தில் ஆன் 13 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்திருக்கிறாள். எங்கள் வீட்டு நிலைக்கதவிலும் இப்படிக் கோடுகள் உண்டு. அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் நகர்ந்துவிட்டேன்.

அவர்களுடைய நாள் எப்படிப் போனது என்று பாருங்கள். காலை எட்டரைக்குக் கீழே கிடங்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். அதன்பிறகு குழாய் திறக்கக் கூடாது, கழிவறையில் தண்ணீர் விடக் கூடாது, நடமாட்டமே பூனை நடைதான். மதியம் ஆட்கள் சாப்பிடப் போனால் கொஞ்சம் மூச்சு விடலாம். அந்த அமைதியில் உட்கார்ந்து படித்தார்கள். பெப் என்ற அலுவலகப் பெண்ணின் பெயரில் தபால் வழிச் சுருக்கெழுத்துப் பாடம் வரவழைத்தார்கள். மார்கோ லத்தீன் படித்தாள். ஓட்டோ அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிக்கன்ஸ் படித்தார். என்றாவது ஒருநாள் ஆபீஸ் வேலைக்குப் போவோம் என்று நினைக்காத ஒருத்தி சுருக்கெழுத்துக்கு எதற்குக் கை பழக்குகிறாள்? நம்பிக்கை என்று நீங்கள் கேட்பதை நான் அந்தப் பாட நோட்டில்தான் பார்க்கிறேன்.

சண்டைக்கும் குறைவில்லை. ஆனுடைய அறையில் ஃபெஃபர் என்ற பல் மருத்துவரும் தங்கினார். அங்கே இருந்த ஒரே சிறிய மேசையை வாரத்தில் இரண்டு நாள், நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை எனக்கு விடுங்கள் என்று அவள் கேட்க, அவர் மறுக்க, கடைசியில் அப்பா தலையிட்டுத்தான் தீர்ந்தது.

எனக்குப் பிடித்தது 1943 ஜூலையில் அவள் போட்ட பட்டியல். வெளியே போனதும் முதலில் என்ன செய்வீர்கள் என்பதற்கு ஒவ்வொருவரும் சொன்ன பதில். மார்கோவுக்கும், குடும்பத்தோடு அங்கே ஒளிந்திருந்த வான் பெல்ஸ் என்பவருக்கும் தொட்டி நிறைய வெந்நீர், அரை மணிக்கு மேல் குளியல். திருமதி வான் பெல்ஸுக்கு கேக். ஆனின் அம்மா எடித்துக்கு அசல் காப்பி. ஃபெஃபருக்கு அதே ஊரில் இருந்தும் பார்க்க முடியாத அவருடைய காதலி சார்லட். ஓட்டோவுக்கு பெப்பின் அப்பாவைப் போய்ப் பார்க்கவேண்டும்; அலமாரியைச் செய்து கொடுத்த அந்த மனிதர் புற்றுநோயில் படுத்திருந்தார். இந்தப் பட்டியல் ஒன்றே உங்கள் கட்டுரைக்குப் போதும்.

கேள்வி: மறைந்திருந்தபோது தங்கள் மதப் பண்டிகைகளைக் கொண்டாடினார்களா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி)

பதில்: சத்தமில்லாமல் கொண்டாடினார்கள். 1942 டிசம்பரில் ஹனுக்கா வந்தது. யூதர்கள் தீபம் ஏற்றுகிற பண்டிகை. வான் பெல்ஸ் மரத்தில் விளக்குத் தண்டு செய்தார். மெழுகுவர்த்தித் தட்டுப்பாடு, அதனால் பத்தே நிமிடம் ஏற்றி அணைத்துவிட்டார்கள். அடுத்து வந்த செயின்ட் நிக்கோலஸ் பண்டிகையையும் விடவில்லை. அது டச்சுக்காரர்களின் பண்டிகை. இவர்கள் அந்த ஊரோடு அவ்வளவு ஒன்றிப்போனவர்கள். எடித் பிரார்த்தனைப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னபோது மகள் மூக்கைச் சுளித்ததும் உண்டு. எந்த வீட்டில்தான் இல்லை?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஐயா. குடும்பமாக ஒரே இடத்தில் இருக்க முடிந்ததே அவர்களுக்குப் பெரிய கொடுப்பினை. மற்ற பல குடும்பங்களில் பெற்றோர் ஓரிடம், பிள்ளைகள் முன்பின் தெரியாதவர் வீட்டில் வேறு பெயரோடு. அவர்களில் எத்தனையோ பேர் டைரி எழுதவில்லை. எழுதியிருந்தாலும் நம் கைக்கு வரவில்லை.

கேள்வி: கடைசியில் பிடிபட்டார்களே! அந்த நம்பிக்கையால் என்ன பயன்?
(வாசகர், தாம்பரம்)

பதில்: 1944 ஆகஸ்ட் 4 அன்று பிடிபட்டார்கள். செப்டம்பர் 3 அன்று, நெதர்லாந்திலிருந்து ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குப் போன கடைசி ரயிலில் ஏற்றினார்கள். எட்டுப் பேரில் ஓட்டோ மட்டும் உயிரோடு திரும்பினார். பயன் என்ன என்று கணக்குப் பார்க்க என்னால் முடியவில்லை, சார். ஒன்று மட்டும் சொல்கிறேன். அவர்களைக் கொண்டுபோன அன்று, தரையில் சிதறிக் கிடந்த ஆனின் தாள்களை, இவர்களுக்குச் சோறு தேடிக் கொடுத்துவந்த மீப் கீஸ் பொறுக்கி மேசை டிராயரில் வைத்தார். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. படித்திருந்தால், உதவியவர்களின் பெயரெல்லாம் அதில் இருந்ததால் எரித்திருப்பேன் என்று பின்னாளில் சொன்னார். அந்தப் பெண் திரும்பி வருவாள், அவள் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். 1945 கோடையில், இரண்டு மகள்களும் இல்லை என்ற செய்தி வந்த பிறகுதான் அதை எடுத்து ஓட்டோவிடம் கொடுத்தார்.