வெப்லி ரிவால்வரில் கடை .45 தோட்டா போடலாமா?

டெக்சாஸில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “1917இல் செய்த வெப்லி மார்க் 6 ரிவால்வர் ஒன்று வாங்கினேன். இதற்குரிய .455 தோட்டா எளிதில் கிடைப்பதில்லை, விலையும் அதிகம். ‘தோட்டாக்கள் உட்காரும் சிலிண்டரைச் செதுக்கியிருக்கிறார்கள், .45 ஏசிபி என்ற வேறு ரகத் தோட்டாவைப் போட்டுச் சுடலாம்’ என்றார் விற்றவர். போட்டுப் பார்த்தால் கச்சிதமாக உட்காருகிறது. கடைத் தோட்டாவையே பயன்படுத்தலாமா? வெடிமருந்தும் குண்டும் வாங்கி நானே தோட்டா நிரப்பிக்கொள்ள வேண்டுமா?”

கடைத் தோட்டா வேண்டாம். உட்காருகிறது என்பதற்காக அது தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

மார்க் 6 பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்தது 1915இல். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இவை உபரிச் சரக்காக அமெரிக்காவுக்குப் போயின. அங்கே .455 அரிது; .45 ஏசிபி எல்லாக் கடையிலும் கிடைக்கும். அதனால் வியாபாரிகள் சிலிண்டரின் பின்முகத்தைக் கொஞ்சம் கடைந்து எடுத்து, மூன்று மூன்றாகத் தோட்டாவைப் பிடிக்கும் அரைவட்டக் கிளிப்புக்கு இடம் செய்துவிட்டு விற்றார்கள். உங்களிடம் இருப்பது அப்படிப்பட்ட ஒன்று. கடைந்ததால் இடம்தான் கிடைத்தது. இரும்புக்குப் பலம் கூடவில்லை.

அழுத்தக் கணக்கைப் பாருங்கள். .455 மார்க் 2 தோட்டா வெடிக்கும்போது எழும் அழுத்தத்துக்கு ஐரோப்பிய சிஐபி (C.I.P.) தரம் வைத்திருக்கும் உச்ச வரம்பு 900 பார், அதாவது சதுர அங்குலத்துக்குச் சுமார் 13,000 பவுண்டு (பிஎஸ்ஐ). .45 ஏசிபிக்கு அமெரிக்காவின் ‘சாமி’ (SAAMI) தரம் அனுமதிப்பது 21,000 பிஎஸ்ஐ. ஒன்றரை மடங்குக்கும் மேல். நூறு வயதைத் தாண்டிய சிலிண்டரில் இந்தச் சுமையை ஏற்றுவது தவறு. ஒரு பெட்டி சுட்டும் ஒன்றும் ஆகாமல் போகலாம், அதை நம்பித்தான் பலர் தொடர்கிறார்கள். ஆனால் துப்பாக்கியை மடக்கித் திறக்கும் கீலும் அதைப் பூட்டும் மேல் கொக்கியும் மெல்ல மெல்லத் தளரும், சிலிண்டர் விரிசல் விட்டு ஒருநாள் பிளக்கவும் கூடும்.

இன்னொரு சிக்கல் குண்டின் அளவு. குண்டு சிலிண்டரைவிட்டு வெளியேறும் முன்பக்கத் துளைகளைச் சிலிண்டர் வாய் என்பார்கள்; வெப்லியில் அவை பெரும்பாலும் 0.450 அங்குலத்துக்கும் குறைவு. அசல் குண்டு அதைவிடப் பருமன்தான். ஆனால் அது மிருதுவான ஈயம், அடிப்பகுதி குடைந்தது. வாயில் நசுங்கி நுழைந்து, பின்னால் வரும் வாயுவால் விரிந்து குழலை அடைத்துக்கொள்ளும். கடைத் தோட்டாவில் வரும் 0.451 அங்குலச் செப்பு உறைக் குண்டு அப்படி இணங்காது. அழுத்தம் இன்னும் ஏறும்.

சரி, உங்கள் துப்பாக்கியின் அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? மிருதுவான ஈய உருண்டையைக் குழலுக்குள் தள்ளி எடுத்து மைக்ரோமீட்டரில் அளப்பதுதான் வழக்கம். வெப்லியில் அது ஏமாற்றும். குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் 7 வரிப்பள்ளங்கள். ஒற்றைப்படை என்பதால் எந்தப் பள்ளத்துக்கும் நேர் எதிரே இன்னொரு பள்ளம் இல்லை, மேடுதான் இருக்கிறது. ஈயத்தை எப்படித் திருப்பினாலும் சாதாரண மைக்ரோமீட்டர் உண்மை அளவைவிடக் குறைத்தே காட்டும். அதனால் நான் முதலில் சிலிண்டர் வாய்களைத்தான் அளப்பேன், ஆறையும் தனித்தனியாக. குண்டு முதலில் கடக்க வேண்டியது அந்த வாயைத்தானே.

ஆக, நீங்களே நிரப்புவதுதான் வழி. கேஸுக்கு, அதாவது மருந்தும் குண்டும் அடங்கும் பித்தளைக் கூட்டுக்கு, .45 ஆட்டோ ரிம் என்ற ரகத்தை வாங்குங்கள். இதே மாதிரி கிளிப் போட்டுச் சுடும் ரிவால்வர்களுக்காக 1920இல் வந்தது அது. தடித்த விளிம்பு இருப்பதால் கிளிப்பே தேவையில்லை. குண்டு மிருதுவான ஈயமாக, முடிந்தால் அடி குடைந்ததாக இருக்கட்டும். வெடிமருந்தின் எடையை இங்கே எழுத மாட்டேன். வெடிமருந்து நிறுவனங்கள் வெளியிடும் கையேட்டில் .455 வெப்லி என்று தலைப்பிட்ட பக்கத்தைப் பார்த்து, அதில் குறைந்தபட்ச அளவோடு நின்றுகொள்ளுங்கள். .45 ஏசிபி பக்கத்தைத் திறக்கவே வேண்டாம். ஆட்டோ ரிம் பக்கத்திலும் எச்சரிக்கை வேண்டும். உங்களுடையதைவிட வலுவான ரிவால்வர்களை மனதில் வைத்து எழுதிய அளவுகள் அதில் இருக்கலாம்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது இரட்டை நிரப்பல், ஒரே கேஸில் இருமுறை மருந்து விழுவது. வெப்லிக்கு வேண்டிய மருந்து மிகக் கொஞ்சம், கேஸின் அடியில் ஒரு சிட்டிகைபோலக் கிடக்கும். தெரியாமல் இன்னொரு முறை ஊற்றினாலும் வழியாது. முடித்த தோட்டாவை எடை போட்டுக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். முடியாது; 265 கிரெய்ன் (சுமார் 17 கிராம்) ஈயக் குண்டும் பித்தளைக் கேஸும் ஒன்றுக்கொன்று மாறுபடும் எடையிலேயே அந்தச் சிட்டிகை மறைந்துவிடும். மருந்து போட்ட கேஸ்களை எல்லாம் ஒரு பலகையில் வரிசையாக நிறுத்தி, குண்டு வைக்கும் முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே மட்டம் தெரிய வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டால், கையில் இருப்பதைக் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். இந்த யோசனை உங்களுக்கு இல்லை.

முதல்முறை சுடுவதற்கு முன், இந்த ரகம் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக் ஒருவரிடம் காட்டி, கொக்கி இறுக்கமாகப் பூட்டுகிறதா, ஒவ்வோர் அறையும் குழலுக்கு நேராக நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் சுடும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு தோட்டா வழக்கமான சத்தம் இல்லாமல் ‘புஸ்’ என்று போனால் அடுத்ததைச் சுடாதீர்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். குழலை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிஷம் பொறுங்கள். பிறகு கொக்கியை அழுத்தி மடக்கித் திறந்து, சிலிண்டரைக் காலி செய்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து குழலுக்குள் பாருங்கள். மறுமுனையில் வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிந்தால் மட்டும் மறுபடி தோட்டா போடுங்கள்.